மூன்று வாக்குகளின் கனம்

நாசரேத்,
10-10-2022

இம்மாதம் 17-ஆம் தேதி அகில இந்திய காங்கிரஸ் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டுச் சென்னை சத்தியமூர்த்தி பவனில் வாக்களிக்கவிருக்கும் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பிரதிநிதிகள் அனைவருக்கும்,



இம்மடலை எழுதுகிறவன் உங்களைப் போல வாக்குரிமை பெற்ற பிரதிநிதி அல்லன். ஒருபுறம் தாமிரபரணிப் பாசனத்து வாழைத் தோட்டங்களும் மறுபுறம் பனை அடர்ந்த செம்மணல் தேரியுமாக விரிந்து கிடக்கும் நாசரேத்தில், 32 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரித்திரப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, இன்று 78 வயதை எட்டியிருக்கிற சாதாரண அங்கத்தினன். ஆயினும், ஓட்டு இல்லாதவனுக்கும் அபிப்பிராயம் உண்டென்பதும், அந்த அபிப்பிராயத்தைப் பெரிய மனிதர்களின் முகக்குறிப்புக்கேற்பத் திருத்திக்கொள்ளாமல் உள்ளபடியே சொல்லலாம் என்பதும் நமது காங்கிரஸ் மகாசபை இத்தேசத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடங்களாகையால், திருவாளர் சசி தரூர் அவர்களுக்கு வாக்களிக்குமாறு உங்களைப் பகிரங்கமாகவே வேண்டிக்கொள்ளத் துணிகிறேன்.

என் பாட்டனாரின் வேதாகமம் என் அலமாரியில் இருக்கிறது. அதில் சங்கீதப் புத்தகத்தின் நடுவே, உள்ளங்கை அகலமுள்ள ஒரு காகிதத் துண்டை அவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காங்கிரஸ் அங்கத்தினர் சந்தாவாக நாலணா செலுத்தியதற்கான ரசீது அது. குண்டூசி துருவேறி ஓரத்தில் பழுப்பாய்க் கறை படிந்திருக்கிறது. மையால் எழுதிய பெயரில் முதலெழுத்து நீங்கலாக மற்றவை வெளிறிப் போயின. விடியுமுன் பனையேறத் தொடங்கி, இருட்டிய பிறகு கருப்பட்டி காய்ச்சும் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்த அந்த மனிதருக்கு நாலணா எளிய தொகையன்று. அதைக் கொடுத்து அவர் பதவி எதையும் வாங்கவில்லை. தன் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கிறவர்களின் வரிசையில், கடைக்கோடியிலேனும் தனக்கென்று ஓர் இடத்தை வாங்கினார். 1920-ஆம் ஆண்டு நாகபுரியில் காந்தியடிகள் மகாசபையின் அமைப்பு விதிகளையே மாற்றி எழுதி, நாலணா கொடுத்தவரெல்லாம் அங்கத்தினர் என்றும், கிராமத்திலிருந்து மேல்நோக்கிக் கமிட்டிகள் அமைய வேண்டும் என்றும், மாகாணக் கமிட்டிகள் மொழிவாரியாக இயங்க வேண்டும் என்றும் வகுத்துத் தந்ததனாலேயே, அதுவரை ஆண்டுக்கொரு முறை கூடிப் பேசிக் கலைந்துகொண்டிருந்த கனவான்களின் சபை, ஒரு பனையேறி தன் வேதப் புத்தகத்தில் ரசீதைப் பத்திரப்படுத்தும் ஸ்தாபனமாயிற்று. ஆகவே, சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடனே, எங்கிருந்தோ வந்த ஒருவர் எதையோ கலைக்கப் பார்க்கிறார் என்று நம்மில் யாரும் திடுக்கிட வேண்டியதில்லை. இந்தக் கட்சி ஜனங்களின் கட்சியானதே ஒரு சீர்திருத்தத்தினால்தான்.

அப்படிப்பட்ட கட்சியில் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு வாக்கெடுத்த தருணங்கள் என்று எண்ணப் புகுந்தால், 1939, 1950, 1977, 1997, 2000 என்று ஒரு கைவிரல்களுக்குள் கணக்கு முடிந்துவிடுகிறது. கடைசியாக 2000-இல் சோனியா காந்தி அம்மையாரை எதிர்த்து ஜிதேந்திர பிரசாதா நின்றார். அதன் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து இப்போதுதான் வாக்குப்பெட்டி மறுபடியும் வைக்கப்படுகிறது. காரியக் கமிட்டிக்கோ, 1997-இல் கல்கத்தாவில் நடந்த தேர்தலுக்குப் பின் தேர்தலே இல்லை. சென்ற மாதம்கூட, பல மாநிலக் கமிட்டிகள் கூடி, மாநிலத் தலைவரையும் அகில இந்தியக் கமிட்டி அங்கத்தினர்களையும் நியமிக்கும் அதிகாரத்தை வரப்போகும் தலைவரிடமே ஒப்படைப்பதாகத் தீர்மானம் செய்துவிட்டு, அதை ஒற்றுமையின் அடையாளமென்று எண்ணிக் கலைந்தன. தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கையில் வைத்திருப்பவரே அதைத் தட்டில் வைத்துத் திருப்பித் தருவது பணிவாகத் தோன்றலாம். ஆனால், அந்த உரிமை அவருடைய சொந்தச் சொத்தன்று, நாலணா கொடுத்த எத்தனையோ பேர் அவரிடம் நம்பி விட்டுப்போன அடைக்கலப் பொருள் என்பதை நான் உங்களுக்கு நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறேன்.

போட்டி வந்தால் பிளவு வரும் என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட பயம். அந்தப் பயத்துக்குச் சரித்திரம் என்ன சாட்சி சொல்கிறது என்பதைச் சற்றே பார்ப்போம். 1907-ஆம் ஆண்டு டிசம்பரில், நமது கடற்கரையிலிருந்து சுதேசிக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள், பாரதியாரோடும் வேறு சில தமிழ்நாட்டு அன்பர்களோடும் சூரத் காங்கிரசுக்குப் பயணமானார். அந்த மாநாடு முதலில் நாகபுரியில் நடப்பதாயிருந்தது; அங்கே திலகர் பக்கம் பலம் கூடிவிடும் என்ற எண்ணத்தால் சூரத்துக்கு மாற்றப்பட்டது. ராஷ் பிஹாரி கோஷ் அவர்களைத் தலைவராக்கும் பிரேரணையின்மீது பேச வேண்டும் என்று திலகர் மேடையேறி நின்றபோது அவருக்கு அனுமதி தரப்படவில்லை. பின்னர் செருப்புப் பறந்ததும், நாற்காலிகள் உடைந்ததும், மகாசபை இரண்டாகி, ஒன்பது ஆண்டுகள் கழித்து 1916-இல் லக்னோவில்தான் மறுபடியும் ஒன்று கூடியதும் உங்களுக்குத் தெரிந்த சரித்திரமே. அன்று பிளவை உண்டாக்கியது போட்டியா, போட்டிக்கு இடம் மறுத்ததா? திலகர் பக்கம் நின்று சூரத்திலிருந்து திரும்பிய சிதம்பரனார், மூன்று மாதங்களுக்குள், தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற கையோடு, 1908 மார்ச்சில் சிறை புகுந்தார். நாட்டுக்காகச் செக்கிழுக்கச் சித்தமாயிருந்த ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு ஒற்றுமை காத்த சபையினால் யாருக்கு என்ன லாபம்?

1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டையும் நினைத்துப் பாருங்கள். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கோரி ஈ. வெ. ராமசாமி அவர்கள் கொண்டுவந்த தீர்மானத்தை, தலைமை வகித்த திரு. வி. க. அவர்கள் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை; ராமசாமி அவர்கள் வெளியேறினார். தீர்மானம் சபைக்கு வந்து, வாதிக்கப்பட்டு, எண்ணிக்கையில் தோற்றிருந்தாலும்கூட அவர் நம்மோடு இருந்திருப்பாரா என்று இன்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால், அன்று வாசலைத் தாண்டிச் சென்ற அந்த ஒரு மனிதரைத் தொடர்ந்து ஓர் இயக்கமே எழுந்ததையும், 42 ஆண்டுகளுக்குப் பின் 1967-இல் அந்த இயக்கத்தின் வழிவந்தவர்களிடமே நாம் இழந்த இந்த மாநிலம் இன்றுவரை நமக்குத் திரும்பக் கிட்டவில்லை என்பதையும் கண்கூடாகக் காண்கிறோம்.

இனி, நம்முடைய பெருந்தலைவரையே எடுத்துக்கொள்வோம். காமராஜர் அவர்களை யாரோ மேலிருந்து நியமித்துத் தமிழ்நாட்டுக்குத் தந்தார்கள் என்று இளைய பிரதிநிதிகள் சிலர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். 1940-ஆம் ஆண்டில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவிக்கு நடந்த தேர்தலில், ராஜாஜியின் ஆதரவோடு நின்ற கோயம்புத்தூர் சி. பி. சுப்பையா அவர்களுக்கு 100 வாக்குகளும், சத்தியமூர்த்தி அவர்களின் அன்பையும் ஆதரவையும் பெற்று நின்ற காமராஜருக்கு 103 வாக்குகளும் கிடைத்தன. வித்தியாசம் மூன்றே வாக்குகள். அன்று, ராஜாஜியை எதிர்த்து ஒருவருக்கு எப்படி ஓட்டுப் போடுவது, போட்டி எதற்கு, பெரியவர் சொன்னபடியே நடக்கட்டும் என்று மூன்று பிரதிநிதிகள் வீட்டோடு இருந்திருப்பார்களானால், காரியம் எப்படி முடிந்திருக்குமோ யார் கண்டது!

அதற்கு 14 ஆண்டுகள் கழித்து, 1954 மார்ச்சில், சட்டசபைக் காங்கிரஸ் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜருக்கு 93 வாக்குகள், சி. சுப்பிரமணியம் அவர்களுக்கு 41 வாக்குகள். வெற்றி பெற்ற காமராஜர் என்ன செய்தார்? தன்னை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரைப் பிரேரேபித்த பக்தவத்சலத்தையும் தன் மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டார். அந்த எட்டுப் பேர் மந்திரி சபையின் ஆட்சியில்தான் எங்கள் பக்கத்துக் குக்கிராமங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடங்கள் வந்தன. எட்டயபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்ட மதிய உணவைத் தட்டேந்தி வாங்கியுண்டு படித்த பிள்ளைகள் பின்னாளில் என்னோடு ஆசிரியர்களாய்ப் பணியாற்றினார்கள். போட்டியிட்டவர்கள் பகைவர்களாய்ப் போகவில்லை. ஒருவரையொருவர் எதிர்த்து நின்று, எண்ணிக்கையில் தீர்ந்து, பிறகு ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நம் வீட்டு முன்மாதிரி இதுவாயிருக்க, போட்டியைக் கண்டு நாம் ஏன் கூச வேண்டும்?

1939-இல் சுபாஷ் சந்திர போஸ் பட்டாபி சீதாராமையாவைத் தோற்கடித்தும் நிலைக்க முடியவில்லையே, கட்சி கலங்கியதே என்று ஆட்சேபிப்பவர்கள் இருக்கலாம். உண்மைதான்; 200 வாக்குகளுக்குமேல் அதிகம் பெற்று ஜயித்த ஒருவர் சில மாதங்களிலேயே ராஜிநாமா செய்ய நேர்ந்தது நம் சரித்திரத்தில் வருந்தத்தக்க அத்தியாயம். ஆனால், அங்கே குற்றம் வாக்கெடுத்ததில் இல்லை. எடுத்த வாக்குக்குத் தலைவணங்க மறுத்ததில் இருக்கிறது. அதே பிழை 2022-இல் நேராதபடி, யார் வென்றாலும் அவரை முழுமனத்துடன் ஏற்றுக்கொள்வோம் என்று 17-ஆம் தேதிக்கு முன்பே நாம் அனைவரும் பிரதிக்ஞை செய்துகொள்வோமாக.

எங்கள் தேரிக்காட்டில் பதநீர் இறக்கும் பருவத்தில் ஒருமுறை வந்து பாருங்கள். பனையேறி காலையில் ஏறுகிறார், மாலையில் ஏறுகிறார். ஏறும்போதெல்லாம் பாளையின் நுனியை, ஓர் இழை தடிப்புக்குமேல் போகாமல், கூரிய அரிவாளால் சீவிவிடுகிறார். சீவிய இடத்தில்தான் பதநீர் துளிர்த்துச் சொட்டுகிறது. இரண்டு நாள் உடம்புக்கு முடியாமல் அவர் படுத்துவிட்டால், பாளையின் நுனி காய்ந்து இறுகிப்போகிறது. மரம் அதே மரந்தான், வேரில் நீருண்டு, உச்சியில் பச்சை ஓலையுண்டு, ஆனால் கலயத்தில் ஒரு துளி விழாது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு, அரிவாள் பட்டால் பாளைக்கு வலிக்குமே என்று தோன்றலாம். பனையேறிக்குத் தெரியும், சீவுவது மரத்துக்குச் செய்யும் தீங்கன்று என்று. கட்சிக்குள் நடக்கும் தேர்தலும் அத்தகையதே. 2014-இல் 44 இடங்கள், 2019-இல் 52 இடங்கள் என்று மக்களவையில் நாம் மெலிந்துபோனதற்குக் காரணங்கள் பல. ஆயினும், 22 ஆண்டுகள் சீவாத பாளையிலிருந்து பதநீர் எதிர்பார்த்ததும் அவற்றுள் ஒன்று என்பது என் தாழ்மையான துணிபு.

இதே உண்மையைச் சிறிய அளவில் நான் நேரில் கண்டதுண்டு. ஒரு சிற்றூரின் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தில், மிக நல்லவரான ஒரு பெரியவர் 17 ஆண்டுகள் தொடர்ந்து போட்டியின்றித் தலைவராயிருந்தார். ஒவ்வொரு முறையும் ஏகமனதாகத் தேர்வு. ஒவ்வொரு முறையும் கைதட்டல், எலுமிச்சம்பழம், மாலை. அவர் ஒரு காசு தொட்டவரல்லர். ஆனால், அவரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டால் நன்றியில்லாதவன் என்று பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சி ஒருவரும் கணக்கைக் கேட்கவில்லை. அவரும் கேட்பாரில்லாமையால் கணக்கைப் பார்க்கவில்லை. சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் வரவரக் குறைந்தார்கள். இளைஞர்கள் வேறு ஊர்களுக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். அவர் இறந்த அன்று, சங்கத்தின் கிட்டங்கிச் சாவி யாரிடம் இருக்கிறது என்றுகூட எவருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைத்துத் திறந்தபோது, மழைக்காலத்து ஈரத்தில் கசிந்து உருகிய கருப்பட்டி தரையெல்லாம் கறுப்பாய் வழிந்து உறைந்திருந்தது. அவரை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தில் நானும் நின்று அழுதேன். நல்ல மனிதர் ஒருவர் போதும் என்று இருந்துவிட்டோமே என்பதற்காகவும் அழுதேன்.

தரூர் அவர்களை நான் ஆதரிப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. அவர் தன்னைப் பூஜிக்கும்படி நம்மைக் கேட்கவில்லை; தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நம்மிடம் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். 2020 ஆகஸ்டில், முழுநேரத் தலைமையும் கட்சிக்குள் தேர்தலும் வேண்டுமென்று தலைவர்கள் 23 பேர் எழுதிய கடிதத்தில் அவர் கையெழுத்திட்டார். கையெழுத்தோடு நின்றுவிடாமல், இன்று தானே அபேட்சகராக முன்வந்து அந்தச் சொல்லுக்குத் தன்னையே ஈடாக வைத்திருக்கிறார். டில்லியில் குவிந்து கிடக்கும் அதிகாரத்தை மாநிலத் தலைவர்களுக்கும் அவர்களுக்குக் கீழே உழைக்கும் நிர்வாகிகளுக்கும் பகிர்ந்தளிப்பது, பதவிகளுக்குக் கால வரம்பு வைப்பது, கலைந்துபோன பார்லிமெண்டரி போர்டை மறுபடியும் அமைப்பது, கடந்த மே மாதம் உதய்பூரில் நாமே செய்துகொண்ட தீர்மானங்களைக் காகிதத்திலிருந்து காரியத்துக்குக் கொண்டுவருவது ஆகியவை அவருடைய தேர்தல் அறிக்கையின் சாரம். உதய்பூர்த் தீர்மானங்கள் எவை? 50 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாதிப் பொறுப்புகள், ஒருவருக்கு ஒரு பதவி, ஐந்தாண்டுகளுக்குமேல் ஒருவர் ஒரே பதவியில் நீடிக்கலாகாது என்ற நியதி. இவற்றில் புரட்சி ஏதுமில்லை. ஒரு கிராமத்துச் சங்கம் உயிரோடிருக்கத் தேவையான சாதாரண ஆரோக்கிய விதிகளே இவை.

எதிர்த்து நிற்கும் மல்லிகார்ஜுன கார்கே அவர்களைக் குறித்துக் குறைவாக ஒரு சொல் எழுதவும் என் பேனா துணியாது. தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்து, கர்நாடகத்தில் 1972 முதல் ஒன்பது முறை தொடர்ச்சியாகச் சட்டமன்றம் புகுந்து, 80 வயதிலும் தளராது ராஜ்யசபையில் எதிர்க்கட்சித் தலைவராய்க் கர்ஜித்தவர் அவர். தெருவில் நடக்கவும் கோயிலில் நுழையவும் தடை கண்ட முன்னோரின் வழியில் வந்த எங்களுக்கு, அத்தகைய ஒருவர் இந்த ஆசனத்தில் அமர்வதன் பெருமையை ஒருவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவரைப் போலவே தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த சஞ்சீவய்யாவும் ஜகஜீவன் ராமும் அமர்ந்த ஆசனம் அது. கார்கே அவர்களே தலைவராகத் தக்கவர் என்று உங்கள் மனச்சாட்சி சொல்லுமானால், அவருக்கே வாக்களியுங்கள். நான் அதை மதிப்பேன். ஆனால், மேலிடத்தின் சித்தம் அதுவாயிருக்கும் என்று ஊகித்து வாக்களிப்பீர்களானால், அது கார்கே அவர்களுக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது. பல்லாண்டுகள் மக்களிடம் வாக்குக் கேட்டு வென்ற ஒருவரை, கடைசியில் வாக்கினால் வந்தவரென்று சொல்ல முடியாதபடி நாமே செய்துவிட்டதாகும். இத்தேர்தலில் அதிகாரபூர்வ அபேட்சகர் என்று யாருமில்லை என நேரு குடும்பத்தாரே தெரிவித்திருக்கிறார்கள். அவர்கள் வாக்கை நம்புவதே அவர்களுக்கு நாம் செலுத்தும் உண்மையான விசுவாசம்.

தரூர் ஆங்கிலம் பேசும் சீமான், ஐக்கிய நாடுகள் சபை உத்தியோகஸ்தர், 2009-இல்தான் தேர்தலுக்கு வந்தவர், அடிமட்டம் அறியாதவர் என்று சொல்லக் கேட்கிறேன். அடிமட்டத்தை அறிய வாக்காளர்களிடம் போவதைவிடச் சிறந்த வழி உண்டோ? நமக்கு அண்டையிலுள்ள திருவனந்தபுரத்தில் மூன்று முறை தொடர்ந்து வென்றவர் அவர். 2014-இல் தேசமெங்கும் நம்மைச் சுருட்டியெறிந்த அலையிலும் கவிழாமல் கரை சேர்ந்தவர். அவர் தொகுதியிலுள்ள விழிஞ்சத்து மீனவர்கள், நம் தூத்துக்குடிக் கரையின் பரதவரைப் போலவே, அலங்காரப் பேச்சை மட்டும் கேட்டு ஓட்டுப் போடுகிறவர்களல்லர். வெளியுலகத்திலிருந்து வந்தவர் என்பதே குறையென்றால், இந்த ஊருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? 1876-இல் கடல் கடந்து இங்கே வந்த மிஷனரி மர்காஷிஸ் ஐயர் பள்ளிக்கூடமும் கைத்தொழிற்சாலையும் அமைத்து இந்த மண்ணிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டதனால் அல்லவோ நாசரேத் இன்றுள்ள நாசரேத் ஆயிற்று! ஒருவர் எப்போது வந்தார் என்பதை எங்கள் ஊரில் கேட்பதில்லை. வந்தபின் என்ன செய்தார் என்றே கேட்பது வழக்கம்.

சென்ற வாரம் அவர் சத்தியமூர்த்தி பவனுக்கு வந்தபோது, அவரைக் காண வந்திருந்த பிரதிநிதிகள் மிகச் சிலரே என்று படித்து என் மனம் கலங்கியது. ஓட்டுப் போடாவிட்டாலும் போகட்டும். ஓட்டுக் கேட்க வந்தவரின் பேச்சைக் கேட்பதற்கே அஞ்சுவது தமிழ்நாட்டுக் காங்கிரசுக்கு அழகா? அதுவும் யார் பெயரைத் தாங்கிய கட்டடத்தில்! 1936-இல் சத்தியமூர்த்தி அவர்கள் மாகாணத் தலைவராகவும், அவர் நிழலில் வளர்ந்த காமராஜர் காரியதரிசியாகவும் பொறுப்பேற்றார்கள். நாலாண்டுகள் கழித்துச் சீடர் தலைவரானபோது குரு அவருக்குக் கீழே காரியதரிசியாகப் பணியாற்றினார். பதவியைச் சொத்தாகக் கருதாத மனிதரின் பெயர் அந்த வாசலில் எழுதியிருக்கிறது. 17-ஆம் தேதி காலையில் உள்ளே நுழையுமுன் ஒரு நிமிஷம் நின்று அந்தப் பெயரை அண்ணாந்து பாருங்கள்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை நானும் அறிவேன். ஒருவேளை தரூர் தோற்கலாம். தோற்றாலும், அவருக்கு விழும் வாக்குகள் வீண்போவதில்லை. நூற்றுக்கணக்கானோர் சீர்திருத்தம் வேண்டுமென்று ரகசியமாகவேனும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியுமானால், வெற்றி பெற்றவர் யாராயினும் அந்த எண்ணிக்கையைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டுதான் ஆட்சி செய்ய வேண்டிவரும். அடுத்த தேர்தலை ஒத்திவைக்க நினைக்கும் கைக்கு அது ஒரு தயக்கத்தையேனும் உண்டாக்கும். கன்னியாகுமரியிலிருந்து ராகுல் காந்தி அவர்கள் நடைப்பயணம் புறப்பட்டு ஒரு மாதம் ஆகிறது. வழியெல்லாம் ஜனங்கள் கூடுகிறார்கள். அவர்களில் சிலராவது நாளை நம் அலுவலகக் கதவைத் தட்டி, இந்தக் கட்சியில் என் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று கேட்பார்கள். அப்போது காட்டுவதற்கு நம்மிடம் ஒரு ரசீது இருக்க வேண்டாமா?

வாக்களிக்கும் அறைக்குள் உங்களோடு தலைவர் வரமாட்டார், மாவட்டத் தலைவர் வரமாட்டார். மடித்த சீட்டும் உங்கள் மனச்சாட்சியும் மட்டுமே இருக்கும். 1940-இல் காமராஜருக்கு வாக்களித்த 103 பேரில், அவரை ஜயிக்கவைத்த அந்த மூவர் இன்னார் என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. சரித்திரத்தில் அவர்களுக்குப் பெயரில்லை, சிலையில்லை, தெருப்பெயர்கூட இல்லை. ஆயினும், அன்று அவர்கள் வண்டியேறிப் போய், யார் முகத்தையும் பாராமல், தங்கள் மனத்துக்குச் சரியென்று பட்டதைச் சீட்டில் குறித்து மடித்துப் போட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். எட்டயபுரத்துப் பிள்ளையின் தட்டில் சோறு விழுந்தது. நீங்களும் அந்த மூவரைப்போல் வாக்களித்து வாருங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

இங்ஙனம்,
நாசரேத்தில் ஒரு பழைய அங்கத்தினன்